மணல் படாத சப்பாத்து

கேள்வி: கணவர் உப்புவெளியில் விடுதி நடத்துகிறார். வசதிக்குக் குறைவில்லை. சாதாரண தரம் படிக்கும் மகனுக்குப் போன வருடம்தான் நைக் சப்பாத்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது புது மொடல் வேண்டுமென்று சாப்பிடாமல் கிடக்கிறான். போன கிழமை டியூஷன் வாசலில் ஒரு பையனின் சப்பாத்தைக் குனிந்து பார்த்து, “இது டூப்ளிகேட்டடா” என்று எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறான். அந்தப் பையனின் தகப்பன் கடற்றொழில் செய்கிறவர். மகனுக்கு வாங்கிக் கொடுக்கவா, கண்டிக்கவா?
– ஒரு தாய், திருகோணமலை

பதில்: அன்புள்ள தங்கச்சி, நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் அந்தப் பையனுக்கு இரண்டு வரிதான். எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சீருடை. டியூஷனில் அந்த மறைப்பு இல்லை; சைக்கிளை நிறுத்தும்போதே கண் காலுக்குப் போய்விடும். வசதியான பிள்ளைகளுக்குள் இந்தப் பயம் இன்னும் கூட. எல்லோரிடமும் நைக் இருந்தால் நைக் இருப்பது போதாது. எந்த மொடல், கொழும்பில் வாங்கியதா, கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பியதா என்று போய்க்கொண்டே இருக்கும். டச்பே கடற்கரையில் ஒருநாள் பார்த்தேன்: கூட்டாளிகள் அலையில் குதிக்கிறார்கள், ஒரு பையன் மட்டும் புதுச் சப்பாத்தை மணல் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையில் நிற்கிறான். உங்கள் மகனும் அப்படித்தான் நிற்கிறான் என்று நினைக்கிறேன். அவன் கெட்டவனில்லை, பயந்திருக்கிறான்.

அந்த நைக் குறியை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற அமெரிக்க மாணவி. அப்போது அவருக்குக் கிடைத்த கூலி 35 டொலர். அந்தக் கம்பனிக்கு நம் நாட்டிலும் உடுப்புத் தைக்கிறார்கள். தைப்பவர்களில் பெரும்பாலானோர் சாதாரண வீட்டுப் பெண்கள். இதை மகனோடு இருந்து பேசுங்கள், புத்திமதியாக வேண்டாம்.

புதுசு இப்போது வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: பணம் இல்லாததால் அல்ல, அந்தச் சிரிப்பினால். மாதம் ஒரு தொகையை அவன் கையிலே கொடுங்கள். வேண்டுமானால் சேர்த்து அவனே வாங்கட்டும். வீட்டிலும் கவனியுங்கள். யார் என்ன வாகனம் எடுத்தார்கள் என்ற பேச்சு சாப்பாட்டு மேசையில் நடந்தால் பிள்ளை அதைத்தானே படிப்பான்?

முக்கியமானது, அவன் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவனே போக வேண்டும், தனியாகப் பேச வேண்டும். நீங்கள் இரக்கப்பட்டு அந்தப் பிள்ளைக்கு அசல் சப்பாத்து வாங்கி அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அது இரண்டாவது அவமானம். உங்கள் விடுதி மேசைக்கு வரும் அறக்குளாவும் பாரையும் அவனுடைய தகப்பனைப் போன்றவர்கள் இரவிரவாகக் கடலில் கிடந்து பிடித்தவை என்பதை மகனுக்கு ஒருமுறை சொல்லுங்கள்.

சாப்பிடாமல் கிடக்கிறான் என்று பதற வேண்டாம். சோற்றைப் போட்டு மூடி வையுங்கள், பசித்தால் எழும்பி வருவான். மன்னிப்பை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். அடுத்த டியூஷன் வகுப்புக்கு முன்னரே அவன் அந்தப் பையனைப் பார்க்கட்டும்.