செடியிலிருந்து எடுத்ததுதானே, சாப்பிட்டால் என்ன?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, அறுபதைத் தாண்டியவர்கள் எழுதியவை. விஷயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இதயத்துக்கு நல்லது என்று விற்கப்படும் தாவர மாத்திரைகள், பொடிகள், கேப்சூல்கள். அவற்றில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 71 வயது. கொலஸ்ட்ராலுக்காக ஆறு வருடமாக ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். கூட நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர், “அது ரசாயனம், விட்டுத் தள்ளுங்கள், சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் போடுங்கள், முழுக்க இயற்கை” என்கிறார். மாறலாமா?

பதில்: மாறாதீர்கள் ஐயா. நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது போலிருக்கிறது. மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்து எடுப்பதுதான் சிவப்பு ஈஸ்ட் அரிசி. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் மொனாகோலின் கே என்ற பொருள்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. அதுவும், 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் ஒரே மூலக்கூறு, ஓர் அணுகூட வித்தியாசம் கிடையாது. அதாவது நீங்கள் ஸ்டாட்டினை விட்டுவிட்டு ஸ்டாட்டினையே சாப்பிடப் போகிறீர்கள். இதுவரை எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்து சாப்பிட்டீர்கள், இனி தெரியாமல் சாப்பிடுவீர்கள். ஒரு டப்பாவில் சொட்டு இருக்கும், இன்னொன்றில் மருந்தளவுக்கே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் ஒரு விதி போட்டது. ஒரு நாளுக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், 70 வயதைத் தாண்டியவர்கள் சாப்பிடக் கூடாது, ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மருந்து எடுப்பவர்களும் சாப்பிடக் கூடாது என்று லேபிளிலேயே அச்சடிக்க வேண்டும். இரண்டுமே உங்களுக்குப் பொருந்துகிறது! பழைய மாத்திரையை நிறுத்தாமல் இதையும் சேர்த்துப் போட்டால் தசை சிதைவு வரை போகலாம், அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூஞ்சை வளர்ப்பில் வேண்டாத பூஞ்சை புகுந்துகொள்வது வேறு தொல்லை. 2024ல் ஜப்பானில் இந்தச் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நீலப்பூஞ்சை ஒன்று உண்டாக்கும் பியூபெருலிக் அமிலம் அதில் கலந்திருந்தது தெரியவந்தது.

ஒருவேளை ஸ்டாட்டினால் கை கால் வலி வந்து, அதனால்தான் மாற நினைக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை, ஆனால் பலர் அதைச் சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெடிமைப் போன்ற வேறு வகை மருந்தும் இருக்கிறது.

கேள்வி: பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை மூன்றும் கேப்சூலாகக் கிடைக்கின்றன. கொலஸ்ட்ராலுக்கு எது சிறந்தது?

பதில்: மூன்றுமே வேண்டாம். இதே கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2022ல் முடிவு வந்தது. 40 முதல் 75 வயது வரையிலான 190 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வெறும் 5 மில்லிகிராம், ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை, மீதி ஆறு குழுவுக்கும் மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும் கொலஸ்ட்ரால் போன்ற பொருள்), சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று குழுவுக்கொன்று. 28 நாள் கழித்துப் பார்த்தால் ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் சுமார் 38 சதவீதம் இறங்கியிருந்தது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறியே இருந்தது, பாவம். 28 நாள் போதாது என்று வாதிடலாம், சரி, ஆனால் அதே 28 நாளில் ஒரு சின்ன மாத்திரை அவ்வளவு செய்திருக்கிறதே. சமையலில் போடுவதை நான் குறை சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். பிழிந்து, செறிவாக்கி, கேப்சூலில் அடைத்த பிறகு அது வேறு பொருள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால், அதுவும் நன்றாக உறிஞ்சப்பட மிளகுச் சத்து சேர்த்த வகையால், கல்லீரல் வீங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எதுவுமே வேலை செய்யாதா? எனக்கு 66 வயது, எல்டிஎல் எல்லைக்கோட்டில் நிற்கிறது, மருத்துவர் மூன்று மாதம் உணவிலேயே முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். இசப்கோல் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம் அம்மா, நல்ல தேர்வு. மலச்சிக்கலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கும் அந்த உமிதான் இந்தக் கூட்டத்திலேயே ஒழுங்காகத் தேறியது. குடலில் அது கொழகொழவென்று ஊறிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். கல்லீரல் புதுப் பித்தம் செய்ய வேண்டும், அதற்கு ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். நாளுக்குச் சுமார் 10 கிராம், சில வாரம் விடாமல் எடுத்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் வரை குறையும். மாயமில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அது உதவும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம், இல்லாவிட்டால் தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் தொடவே கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அவற்றையும் இது பிடித்து வைத்துக்கொள்ளும்.

தாவர ஸ்டெராலைப் பற்றியும் கேட்பீர்கள். மேலே சொன்ன ஆய்வில் அதன் மாத்திரை தேறவில்லை. ஆனால் ஸ்டெரால் சேர்த்த உணவை நாளுக்கு 2 கிராம் கணக்கில் கொடுத்துச் செய்த பல பழைய ஆய்வுகளில் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. மாரடைப்பைக் குறைக்கும் என்று மட்டும் யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஞாபகசக்திக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது என்று தம்பி ஜிங்கோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறான். “செடிதானே அக்கா” என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: இதய நோய்க்கு இன்றும் கொடுக்கும் டிஜாக்சின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785லேயே அதே இனத்துச் செடி ஒன்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார், அளவு கொஞ்சம் தப்பினால் அது விஷம் என்பதையும் சேர்த்து.

ஜிங்கோவால் பலன் உண்டா என்பதை 75 வயதைத் தாண்டிய 3,069 பேரிடம் சுமார் ஆறு வருடம் பார்த்தார்கள். மறதி நோயும் குறையவில்லை, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பலன் இல்லாத ஒன்றுக்காக, வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தக் கசிவு வருமோ என்ற கவலையை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்? நிறுத்திவிட்டு, இத்தனை நாள் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் சீக்கிரம் செய்துவிடுங்கள். பூண்டு கேப்சூலும் இதே வகை; அறுவை சிகிச்சை இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். “கீரைச் சத்துப் பொடி” வகைகளில் வைட்டமின் கே அதிகம், அது எதிர்ப்பக்கமாக வேலை செய்து வார்ஃபரினையே மழுங்கடிக்கும். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எல்லாவற்றையும்விட மோசம்: வார்ஃபரின், டிஜாக்சின், சிம்வாஸ்டாட்டின், எபிக்சபன் என்று பல மருந்துகளை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், மாத்திரை போட்டும் போடாத மாதிரி. அப்புறம் அதிமதுரம். நாள்கணக்கில் அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். டிஜாக்சின் எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

அடுத்த முறை போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாய்மொழியாகக் கேட்டால் யாரும் இவற்றை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: நான் மீன், பால் எதுவும் தொடாதவன், வயது 64. இதயத்துக்காகப் பாசி எண்ணெய் ஒமேகா-3 எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், மீனுக்கே அது பாசியிலிருந்துதான் போய்ச் சேருகிறது. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 25,871 பேரிடம் நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்து 2018ல் வெளியான ஆய்வில், பெரிய இதயப் பிரச்சினைகள் மொத்தமாகக் குறையவில்லை. அளவு கூடக்கூடத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பும் கூடுகிறது, அதனால் சொந்தமாக அளவை ஏற்றாதீர்கள். உங்கள் சாப்பாட்டுக்கு ஒமேகாவைவிட பி12 முக்கியம். செடி கொடிகளில் அது கிடைக்காது, வயதானால் உறிஞ்சுவதும் குறையும்.

கேள்வி: பீட்ரூட் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?

பதில்: சில புள்ளிகள் குறைக்கும். அதிலுள்ள நைட்ரேட்டை நாக்கிலிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. காலையில் கிருமிநாசினி போட்டு வாய் கொப்பளித்துவிட்டுச் சாறு குடித்தால் அந்த பாக்டீரியா இருக்காது, பலனும் இருக்காது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்க்கவும். மறுநாள் சிறுநீர் சிவப்பாக வந்தால் பதறாமல், முந்தின நாள் என்ன குடித்தோம் என்று முதலில் யோசியுங்கள். சாறு குடிக்காத நாளிலும் அப்படி வந்தால்தான் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.