பிஎஸ்இ ஏற்கெனவே இருந்தபோது என்எஸ்இ எதற்கு வந்தது?

"பம்பாயில் 1875-லிருந்தே பிஎஸ்இ என்ற பங்குச் சந்தை இருக்கிறது. பிறகு என்எஸ்இ என்ற தேசியப் பங்குச் சந்தை எதற்கு? இரண்டில் எதில் வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 1993-ல் மதுரையில் ஒரு சப் புரோக்கர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு என்எஸ்இ ஏன் வந்தது என்பதில் சந்தேகமே இருக்காது.

ஒருவர் வந்து நூறு ஷேர் வாங்கச் சொன்னால் சீட்டில் எழுதிக்கொண்டு, எஸ்டிடி போன் போட்டுச் சென்னைத் தரகரைப் பிடிப்போம். அவர் பம்பாயில் உள்ள தன் ஆளிடம் சொல்வார். அங்கே பிஎஸ்இ இருக்கும் தலால் தெருவில் கூட்டத்துக்கு நடுவே நின்று கத்தித்தான் வியாபாரம். விலை எங்களுக்குச் சாயங்காலம் தெரியும். அன்றைக்கு அந்த ஷேர் 82-க்கும் 88-க்கும் நடுவில் ஆடியிருந்தால், வாங்கியவருக்கு 88-ஐ ஒட்டியும் விற்றவருக்கு 82-ஐ ஒட்டியும்தான் விலை வந்து சேரும். நடுவில் யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வழியே கிடையாது.

பணம் கட்டிய பிறகு காகிதத் தொல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 50 ஷேர் வாங்கினார். சர்டிபிகேட்டோடு டிரான்ஸ்ஃபர் டீடை (பெயர் மாற்றப் பத்திரத்தை) வைத்து ரிஜிஸ்டர் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. விற்றவரின் கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். இதற்கு 'பேட் டெலிவரி' என்று பெயர். அந்த வருட டிவிடெண்டும் (கம்பெனி தரும் லாபப் பங்கு) பழைய ஆளுக்கே போய்விட்டது. தினமும் நாலு மணிக்குக் குடையோடு வந்து, "ஏதாவது தகவல் வந்துச்சா தம்பி?" என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நாடு முழுவதற்கும் ஒரே சந்தை வேண்டும் என்று அரசு அமைத்த ஃபெர்வானி கமிட்டி 1991-லேயே சொல்லிவிட்டது. அடுத்த வருடம் பம்பாய்த் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை ஊழல் வெடித்தது. ஐடிபிஐ முன்னின்று, மற்ற நிதி நிறுவனங்களும் சேர்ந்து, 1992 நவம்பரில் என்எஸ்இயை ஒரு கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். ஆர்.ஹெச். பாட்டீல் முதல் நிர்வாக இயக்குநர். 1994 ஜூனில் கடன் பத்திரங்கள், நவம்பரில் பங்குகள் என்று வியாபாரம் தொடங்கியது.

என்எஸ்இயில் வியாபாரம் கம்ப்யூட்டரில் நடந்ததைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. பிஎஸ்இ அப்போது தரகர்களே சேர்ந்து நடத்திய சங்கம். தரகர் மேல் புகார் என்றால் விசாரிப்பதும் தரகர்கள்தான். என்எஸ்இயில் தரகர் வியாபாரம் செய்யலாம், ஆனால் சந்தையின் சொந்தக்காரர் வேறு. இந்த ஒரு பிரிவினையால்தான் மற்றதெல்லாம் சாத்தியமானது.

எங்கள் மாடியில் 1997 வாக்கில் விசாட் டிஷ் வந்தது. சாட்டிலைட் வழியாக நேரடி இணைப்பு. வாங்கக் காத்திருக்கும் விலை ஒரு பக்கம், விற்கக் காத்திருக்கும் விலை மறுபக்கம், எல்லாம் திரையில் ஓடும். நல்ல விலை கொடுப்பவருக்கு முதலிடம். ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கு. ஆர்டர் போட்டவர் பம்பாய்க்காரரா மதுரைக்காரரா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. வாத்தியார் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தார். தன் ஆர்டர் எந்த விலைக்கு முடிந்தது என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்.

திரைக்குப் பின்னால் நடந்ததும் அதே அளவு முக்கியம். 1996-ல் கிளியரிங் கார்ப்பரேஷன் வேலையைத் தொடங்கியது. வாங்குபவருக்கு அதுதான் விற்பவர், விற்பவருக்கு அதுதான் வாங்குபவர். எதிராளி கையை விரித்தாலும் வியாபாரம் நிற்காது. அதே வருடம் நவம்பரில் ஷேர்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்எஸ்டிஎல் என்ற நிறுவனம் வந்தது, காகிதம் இல்லாத டிமேட் கணக்கு வந்தது. ஷேர் கணக்கில் ஓர் எண்ணாக மாறியதும், மேற்கொண்டு வாங்குவதில் பேட் டெலிவரிக்கு இடமே இல்லாமல் போனது. 2023-லிருந்து இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளே கணக்கில் ஏறிவிடுகிறது.

இதற்கு விலையும் கொடுத்தோம். அந்தந்த ஊர்ப் பங்குச் சந்தைகளுக்கு வேலை இல்லாமல் போய், சென்னைப் பங்குச் சந்தை 2015-ல் மூடப்பட்டது. இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பின்னால் வரப்போகும் விலையை வைத்து இன்றே போடும் ஒப்பந்தங்களான, 2000-ல் வந்த ஃபியூச்சர்ஸும் அடுத்த வருடம் வந்த ஆப்ஷன்ஸும் இன்று கைப்பேசியில் இருக்கின்றன. மூன்று நிதியாண்டுகளைப் பார்த்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

சரி, எதில் வாங்குவது? பெரிய கம்பெனிகள் இரண்டிலும் இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் சில பைசாதான். கைமாறும் எண்ணிக்கை எதில் அதிகமோ அதில் போடுங்கள். பெரும்பாலான ஷேர்களுக்கு அது என்எஸ்இதான். சில சின்னக் கம்பெனிகள் பிஎஸ்இயில் மட்டுமே கிடைக்கும். ஒன்றில் வாங்கியதை, டிமேட்டுக்கு வந்த பிறகு, மற்றதில் தாராளமாக விற்கலாம்.