தமிழ்ப் பயிற்சி மென்பொருளைப் பிறர் கணினிக்குக் கொண்டுசேர்ப்பது: கேள்வி பதில்

ரங்கூன் ஆசிரியை: ஐயா, எழுத்துப் பயிற்சிக்காகப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு செயலி எழுதியிருக்கிறேன். மற்ற ஆசிரியர்களின் கணினியில் பைத்தான் இல்லை. எப்படிக் கொடுப்பது?

பதில்: பைஇன்ஸ்டாலர் என்னும் தொகுப்புக் கருவியைக் கொண்டு, பைத்தானையும் தேவையான நூலகங்களையும் (செயலி பயன்படுத்தும் ஆயத்த நிரல்களையும்) செயலியோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கும் 'ஒன்ஃபைல்' முறை வசதியாகத் தோன்றினாலும், திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தன் உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்புறையில் விரித்த பிறகே இயங்கும் என்பதால், பழைய கணினிகளில் தாமதமாகும்; வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் அதை அடிக்கடி சந்தேகிக்கும். ஆகவே 'ஒன்டிர்' முறையில் கோப்புறையாகக் கட்டி, இன்னோ செட்டப் என்னும் கருவி மூலம் அதை ஒரே நிறுவியாக, அதாவது செயலியைக் கணினியில் பதிக்கும் கோப்பாக, ஆக்குங்கள். மின்சாரமும் இணையமும் சொல்லாமல் நின்றுபோகும் நம் ஊர்களில், நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து எதையும் இறக்கச் சொல்லும் நிறுவி பயன்படாது. விண்டோஸுக்கான தொகுப்பை விண்டோஸ் கணினியில்தான் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மோல்மேன் அன்பர்: எங்கள் கோயில் பள்ளியின் விண்டோஸ் 7 கணினியில் செயலி திறக்கவே இல்லை.

பதில்: பைத்தான் 3.9 முதல் வந்த பதிப்புகள் விண்டோஸ் 7இல் இயங்கா. 3.8இன் 32 பிட் பதிப்பைக் கொண்டு கட்டினால், 32, 64 பிட் கணினிகள் இரண்டிலும் இயங்கும். ஆனால் 3.8க்கான ஆதரவு 2024இல் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளுக்கு மட்டும் இதைத் தனித் தொகுப்பாகக் கொடுங்கள்.

பெகு மாணவர்: நிறுவியபின் மாணவர்களின் மதிப்பெண்கள் சேமிக்கப்படவில்லை, ஐயா.

பதில்: மதிப்பெண் கோப்பை, செயலி இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலேயே எழுத முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதியில்லை. ஒவ்வொரு பயனருக்கும் விண்டோஸ் தனியாக வைத்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறையில் எழுதுங்கள். செயலியை நீக்கும்போதும் அந்தக் கோப்பு அழியாதபடி விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு அதில் இருக்கிறது.

ரங்கூன் அன்பர்: நிறுவியைத் திறந்தால் நீல நிற எச்சரிக்கை வருகிறது. பென் டிரைவில் கொடுத்தால் வருவதில்லை. ஏன்?

பதில்: இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின்மேல் விண்டோஸ் ஓர் அடையாளத்தை இடுகிறது, அதைக் கண்டே ஸ்மார்ட்ஸ்கிரீன் என்னும் விண்டோஸின் பாதுகாப்பு அம்சம், வெளியிட்டவரின் மின்னணுக் கையொப்பமற்ற, அதிகம் அறியப்படாத நிறுவிகளைத் தடுக்கிறது. எஃப்ஏடி32 என்னும் பழைய கோப்பு அமைப்பிலுள்ள பென் டிரைவால் அந்த அடையாளத்தைத் தாங்க இயலாததால், நகலெடுக்கும்போதே அது தொலைந்துவிடுகிறது. எச்சரிக்கை வராததை வைத்துக் கோப்பு பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது; கைமாறிக் கைமாறிப் போகும் பென் டிரைவில் வைரஸ் தொற்றுவது எளிது. மின்னணுக் கையொப்பமிடத் தேவையான சான்றிதழ் செலவு பிடிக்கும். 2023 ஜூன் முதல் அதன் ரகசியத் திறவுகோலைப் (கையொப்பமிடப் பயன்படும் மின்னணுக் குறியீட்டை) பாதுகாப்பான வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. சான்றிதழ் பெறும்வரை, நிறுவியின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) வேறு வழியில் அனுப்பி, பெறுபவர் விண்டோஸின் 'சர்ட்யூட்டில்' கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவும்படி சொல்லுங்கள்.

மோல்மேன் ஆசிரியை: சில கணினிகளில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றனவே?

பதில்: நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தொகுப்பிலேயே சேர்த்து, செயலி அதையே பயன்படுத்துமாறு செய்யுங்கள். அதன் உரிமம் இதற்கு இடம் தருகிறது. உரிமக் கோப்பையும் உடன் வைத்தால் போதும்.