பன்றி மேக்ரோபேஜில் கூடிய மைக்ரோ ஆர்.என்.ஏ. யாருக்கு உதவுகிறது?

கேள்வி: பி.ஆர்.ஆர்.எஸ். (பன்றிகளின் இனப்பெருக்க, சுவாச நோய்) வைரஸ் தொற்றிய பன்றியின் நுரையீரல் மேக்ரோபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களில்) சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடியும் சில குறைந்தும் காணப்படுகின்றன. கூடியவற்றைச் செல்லின் தற்காப்பு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– கால்நடை மருத்துவ ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., தான் இணையும் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து (புரதம் செய்வதற்கான குறிப்பை ஏந்தும் மூலக்கூறிலிருந்து) புரதம் உருவாவதைக் குறைக்கிறது. எந்தப் புரதம் குறைகிறது என்று தெரியாதவரை, ஆதாயம் செல்லுக்கா வைரஸுக்கா என்று சொல்ல இயலாது.

மைஆர்-24-3பி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இதற்குத் தெளிவான சான்று. தொற்றுக்குப் பின் அதன் அளவு உயர்கிறது. ஆனால் அது அடக்குவதோ, இவ்வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற நொதியை. ஆகவே அந்த உயர்வு வைரஸுக்கே சாதகமாகிறது. இதற்கு மாறாக, வைரஸ் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மைஆர்-125பி தொற்றுக்குப் பின் குறைகிறது.

தொற்றுக்கு முந்தைய அளவையும் கவனியுங்கள். பல ஆய்வேடுகளில் விடுபடும் பகுதி இதுவே என்பது என் கருத்து. மைஆர்-181, வைரஸ் மரபணுத்தொகுதியின் நான்காம் வாசிப்புச் சட்டகத்துக்கு (புரதக் குறிப்புள்ள பகுதிக்கு) அடுத்த பகுதியில் நேரடியாக இணைவதோடு, வைரஸ் செல்லுக்குள் நுழையத் தேவையான சிடி163 ஏற்பியின் உற்பத்தியையும் குறைக்கிறது. இவ்வைரஸ் எளிதில் தொற்றும் செல்களில் அதன் இயல்பான அளவே குறைவாக இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. தொற்றுக்குப் பிந்தைய மாற்றத்தை மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

சோதனைக்கு வருவோம். பன்றிக்குப் பன்றி வேறுபாடு அதிகம் என்பதால், ஒரே பன்றியின் செல்களைப் பிரித்து, தொற்றியவை, தொற்றாதவை, புறஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்த வைரஸ் இட்டவை என மூன்று பகுதிகளாக வையுங்கள். மூன்றாம் பகுதி இருந்தால்தான், மாற்றம் வைரஸ் பெருகியதால் வந்ததா, வைரஸ் துகள் செல்லைத் தொட்டதாலேயே வந்ததா என்று பிரித்தறிய முடியும். செல்கள் பெருமளவில் இறப்பதற்கு முன்பே மாதிரிகளை எடுத்துவிடுங்கள். ஆர்.என்.ஏ. அளவைக் கணக்கிடும் க்யூ.பி.சி.ஆர். சோதனையில், ஒப்பீட்டுக்கு யு6 என்ற செல்லின் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றையே நம்பாமல், தொற்றால் அது மாறவில்லை என்பதையும் சரிபாருங்கள்.

இறுதியாக, தேர்ந்தெடுத்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் செயற்கைப் போலியை ஒரு தொகுதிச் செல்களுக்கும், அதன் தடுப்பானை இன்னொரு தொகுதிக்கும் செலுத்தி, வைரஸ் டைட்டரை (தொற்றும் திறனுள்ள வைரஸின் அளவை) அளவிடுங்கள். போலி டைட்டரைக் குறைத்து, தடுப்பான் அதைக் கூட்டினால், தற்காப்பு என்று எழுத உங்களுக்கு ஆதாரம் உண்டு. மார்க்-145 செல்களில் கிடைத்த முடிவானால், அவை குரங்கின் சிறுநீரகச் செல்கள் என்பதால், பன்றி மேக்ரோபேஜிலும் அதைத் திரும்பச் செய்து பார்ப்பது கட்டாயம்.