இலவசப் பேருந்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம்?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ பயணத்தைப் பற்றியவை. மூன்றிலும் பேச்சு பேருந்தைப் பற்றித்தான். அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பரில் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஐந்து நாள் போகிறோம். நான், கணவர், மாமனார், மாமியார், எட்டு வயது மகள், மூன்று வயது மகன் என்று ஆறு பேர். மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு. "டிஸ்னி விடுதியிலேயே தங்கினால் பேருந்து இலவசம், வாடகைக் கார் எதற்கு?" என்கிறார் கணவர். போய்வந்த தோழியோ, "பேருந்துக்கு நின்றே பாதி விடுமுறை போய்விடும்" என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், சகோதரி. எந்த விடுதி என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அறை பதிவு செய்வதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. பதிவு செய்த பிறகு கேட்டிருந்தால் என்னால் சொல்லக்கூடியது குறைவு.

முதலில் இடத்தின் அளவைப் பாருங்கள். டிஸ்னி வேர்ல்டு ஏறத்தாழ 40 சதுர மைல். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்களும் இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் அதற்குள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து நினைத்துவிடாதீர்கள். மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் 2023இல் வந்தவர்கள் ஏறத்தாழ 1.77 கோடிப் பேர் என்கிறது ஒரு மதிப்பீடு. நாளுக்குச் சராசரியாக 48,000 பேர். அதில் பெரும்பகுதி இரவு வாணவேடிக்கை முடிந்ததும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. எத்தனை பேருந்து விட்டாலும் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் போதாது.

பேருந்து ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒன்று வரும் என்றுதான் எதிர்பார்க்கச் சொல்வார்கள். அப்படியானால் சராசரியாக 10 நிமிடம் காத்திருந்தால் போதும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். பேருந்துகள் சீராக வந்தால் அது சரி. ஆனால் சாலையில் அவை சீராக வருவதில்லை. ஒரு பேருந்து தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது. அவ்வளவு பேரும் ஏறுவதற்குள் அது இன்னும் தாமதமாகிறது. பின்னால் வருவது அதை நெருங்கிவிடுகிறது. கடைசியில் இரண்டும் ஐந்து நிமிட இடைவெளியில் வருகின்றன. அடுத்ததற்கு 35 நிமிடம் ஆகிறது. காகிதத்தில் பார்த்தால் இதுவும் 20 நிமிடத்துக்கு ஒன்றுதான். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் அந்த நீண்ட இடைவெளியில்தான் போய் நிற்போம் என்பதால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடத்தைத் தாண்டிவிடும். வந்த வண்டி நிரம்பிப் போனால் இன்னொரு சுற்று. தோழி பட்டது இதைத்தான்.

இனி விடுதிக் கணக்கு. ஆறு பேர் ஒரே அறையில் தங்கக்கூடிய குடும்ப அறைகள், விலை குறைந்த விடுதிகளில் இரண்டு இடத்தில் உண்டு: ஆல்-ஸ்டார் மியூசிக், ஆர்ட் ஆஃப் அனிமேஷன். முதலாவது மலிவு. ஆனால் எந்தப் பூங்காவுக்கும் பேருந்தைத் தவிர வேறு வழி கிடையாது. அதோடு கூட்டம் குறைந்த நேரங்களில் பக்கத்திலுள்ள மற்ற இரண்டு ஆல்-ஸ்டார் விடுதிகளோடு ஒரே பேருந்தைப் பகிர்வார்கள். ஸ்போர்ட்ஸில் நின்று, மியூசிக்கில் நின்று, மூவீஸில் நின்று பிறகுதான் பூங்கா. ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் விலை கூடுதல். ஆனால் அங்கே பக்கத்திலேயே ஸ்கைலைனர் நிலையம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் தொடங்கிய கம்பிவடக் கூண்டு வண்டி அது. ஒரு கூண்டில் பத்துப் பேர் வரை உட்காரலாம். கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால் வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் அதிலேயே போய்விடலாம். மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் மட்டும் பேருந்து.

ஸ்கைலைனருக்கு ஒரு குறை உண்டு. இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஃபுளோரிடாவில் கோடைகால மதியங்களில் இது வாடிக்கை. டிசம்பரில் அவ்வளவு இருக்காது.

இந்த இரண்டு விடுதிகளின் விலை வித்தியாசத்தை எப்படிப் பார்ப்பது? உங்கள் மகனுக்கு மதியத் தூக்கம் வேண்டும், மாமனாருக்கும் ஓய்வு வேண்டும். ஆக நாளுக்கு நான்கு பயணம். ஒரு பயணத்துக்கு 15 நிமிடம் மிச்சமானால் ஐந்து நாளில் ஐந்து மணி நேரம். பூங்கா நுழைவுச்சீட்டு ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டாலருக்கு மேல். அப்படி வாங்கிய பகலில் ஐந்து மணி நேரத்தை நிறுத்தத்தில் கழிப்பதற்கு என்ன விலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அறை வித்தியாசம் அதற்குள் அடங்கினால் ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்கே போங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

இதைவிட நன்றாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. கன்டெம்பரரி விடுதியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிட நடை. போர்டுவாக், பீச் கிளப் பக்கம் தங்கினால் எப்காட்டுக்கு நடந்தே போகலாம். ஆனால் ஆறு பேருக்கு அங்கே பெரும்பாலும் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, கார்? டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்குப் பூங்காக்களில் வாகன நிறுத்தக் கட்டணம் இல்லை. விடுதியில் இரவு நிறுத்துவதற்கு வாங்கிவந்த கட்டணத்தையும் 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஆல்-ஸ்டாரில் தங்கினால் கார் எடுப்பது நியாயமான முடிவு. ஆனால் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் காரில் போகாதீர்கள். கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. பூங்காவுக்கு முன்னால் ஓர் ஏரி; அதற்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மோனோரெயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக வேண்டும். விடுதிப் பேருந்து நேராக வாசல் அருகிலேயே இறக்கிவிடும். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய வித்தியாசம். அனிமல் கிங்டம் நேர்மாறு. அங்கே மோனோரெயிலும் இல்லை, ஸ்கைலைனரும் இல்லை, கார் கைகொடுக்கும். ஸ்கைலைனர் விடுதியில் தங்கினால் முழு வாரத்துக்குக் கார் வேண்டாம். அனிமல் கிங்டம் போகும் ஒரு நாளுக்கு ஆறு பேர் உட்காரும் பெரிய உபர் போதும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஃபுளோரிடா சட்டப்படி கார் இருக்கை தேவை என்பதை மறக்க வேண்டாம். பேருந்தில் அந்தக் கவலை இல்லை.

பேருந்துப் பயணம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், தயாராக இருப்பதற்கு. இரவு பத்து மணிக்குக் கம்பித் தடுப்புக்குள் வரிசையில் நிற்கிறீர்கள். மகன் தோளில் தூங்கிவிட்டான். வண்டி வருகிறது. தள்ளுவண்டியை மடக்கினால்தான் ஏற்றலாம். அதில் தொங்கும் தண்ணீர் பாட்டில், பை, பாப்கார்ன் வாளி எல்லாவற்றையும் ஒரு கையால் கழற்ற வேண்டும். இதை வண்டி வந்த பிறகு செய்யாதீர்கள். வரிசையில் நிற்கும்போதே எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுவிட்டு, மடக்குவதற்கு ஓர் ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாமனாருக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுப்பதில் தயக்கம் இருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்பார்கள். பூங்காவில் ஒரு நாளில் பல மைல் நடை இருக்கிறது. எப்படியாவது பேசிச் சம்மதிக்க வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களை முதலில் ஏற்றுவார்கள். ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கி, நாற்காலியைப் பட்டையால் கட்டி முடிக்கச் சில நிமிடம் பிடிக்கும். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காக அவர் கூச வேண்டியதே இல்லை. கடைசிப் பேருந்துகளில் பலர் நின்றுகொண்டுதான் வருவார்கள்; முழங்கால் வலியோடு அவர் அப்படி நிற்கக் கூடாது.

நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தாலே பாதிக் காத்திருப்பு குறையும். டிஸ்னி விடுதிக்காரர்களுக்குத் தினமும் பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்பே நுழைய அனுமதி உண்டு. எல்லோரும் அதைக் குறிவைப்பதால் அதற்குச் சற்று முந்தைய பேருந்துகள் நிரம்பும். இன்னும் முன்னதாகவே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள், அல்லது அந்த அரை மணியை விட்டுவிட்டு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரவில் வாணவேடிக்கை முடிந்ததும் ஓடாமல் வாசலருகே மெயின் ஸ்ட்ரீட்டில் உட்காருங்கள். பூங்கா மூடிய பிறகும் பேருந்துகள் ஓடும். மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் உங்கள் விடுதிக்கு அடுத்த பேருந்து எப்போது என்று காட்டும். அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். அப்புறம், வேறு விடுதியில் இருக்கும் உணவகத்தில் இடம் பதிவு செய்தால் கவனம்: விடுதிக்கும் விடுதிக்கும் நேர்ப் பேருந்து கிடையாது, ஏதாவது பூங்கா வழியாக மாறிப் போக வேண்டும். அதற்கு உபரே மேல்.

கேள்வி: ஆர்லாண்டோவில் டிஸ்னிக்கு வெளியே ஒரு விடுதியில் நான்கு இரவு தங்கினோம். "பூங்காக்களுக்கு இலவச ஷட்டில்" வண்டி உண்டு என்று தளத்தில் போட்டிருந்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, காலையில் இரண்டு நடை, இரவில் இரண்டு நடை மட்டும்தான். முதல் நாளே வரவேற்பறையில் பெயர் எழுத வேண்டும். ஓர் இரவு, எழுதியிருந்தும் வண்டி நிரம்பிவிட்டது என்று எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் நின்று, கடைசியில் உபரில் வந்தோம். அறை வாடகைக்கு மேல் தினமும் ரிசார்ட் கட்டணம் என்று வேறு வாங்கினார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முழு அறை வாடகையைக் கேட்டால் கிடைக்காது. கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள்: அந்த இரவின் உபர் செலவு, அந்த நாளுக்கான ரிசார்ட் கட்டணம்.

ரசீதையும் பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலையும் எடுத்து, ரிசார்ட் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். பல விடுதிகள் அந்தப் பட்டியலில் வைஃபை, உடற்பயிற்சிக் கூடத்தோடு ஷட்டிலையும் சேர்த்திருக்கும். உங்கள் விடுதியும் சேர்த்திருந்தால் அது இலவசம் இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேவை. உங்கள் வாதம் அங்கேதான் பலமாகிறது. மேலாளருக்கு மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்: "ரிசார்ட் கட்டணத்தில் ஷட்டில் அடங்கும் என்று உங்கள் ரசீது சொல்கிறது. இன்ன தேதி இரவு பெயர் பதிந்திருந்தும் எங்களை ஏற்றவில்லை. உபர் ரசீது இணைத்திருக்கிறேன். இரண்டு தொகையையும் பத்து நாளுக்குள் திருப்பித் தாருங்கள்." கோபத்தை எழுத வேண்டாம், தேதியும் தொகையும் போதும். உபர் ரசீதில் நேரம் பதிவாகியிருக்கும், அதுவே சாட்சி.

பதில் வராவிட்டால் கடன் அட்டை வங்கியிடம் போகலாம். ஒப்புக்கொண்டபடி சேவை கிடைக்கவில்லை என்று தகராறு எழுப்ப, அந்தக் கட்டணம் முதலில் வந்த அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. விடுதியோடு கடிதம் எழுதிக்கொண்டே அந்த நாளைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஃபுளோரிடாவில் நுகர்வோர் புகார்களை வாங்குவது மாநில வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறை. பெயரைப் பார்த்துத் தவறான கதவு என்று திரும்பிவிட வேண்டாம், சரியான இடம்தான். அங்கே புகார் செய்ய வழக்கறிஞர் தேவையில்லை.

இன்னொன்றையும் சரிபாருங்கள். 2025 மே 12 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, விடுதிகள் விலை காட்டும்போதே கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத் தொகையைக் காட்ட வேண்டும். ரிசார்ட் கட்டணமே கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. மறைத்து வைத்துக் கடைசியில் சேர்க்கக் கூடாது என்கிறது. நீங்கள் முதலில் பார்த்த விலையில் அது இல்லாமல் இருந்தால் ஆணையத்திடமும் புகார் பதியலாம்.

அடுத்த முறை வெளி விடுதி எடுக்கும்போது தொலைபேசியில் நான்கு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை நடை, இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, இருக்கை முன்பதிவு உண்டா, எங்கே இறக்கிவிடுவீர்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். வெளி ஷட்டில்கள் மேஜிக் கிங்டத்துக்குப் போகிறவர்களைப் பெரும்பாலும் ஏரிக்கு இந்தப் பக்க நிலையத்திலேயே இறக்கிவிடும். வாணவேடிக்கை முடிந்து, படகுக்கு நின்று, ஏரியைக் கடந்து வருவதற்குள் கடைசி வண்டி போய்விடலாம்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து டிஸ்னியே இலவசமாக அழைத்துப் போகும் என்று பல வருடம் முன்பு போய்வந்த சித்தப்பா சொன்னார். இப்போதும் உண்டா?

பதில்: இல்லை. 2005இல் தொடங்கிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் அது. 2022 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அதே வழியில் இப்போது தனியார் பேருந்து உண்டு, கட்டணம் ஆள் கணக்கில். ஒருவர் இருவர் என்றால் அது லாபம். நான்கு பேருக்கு மேல் என்றால் உபர் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சமமாகவே வரும். உபர் நேராக உங்கள் விடுதியில் இறக்கிவிடும். பேருந்து வழியில் பல விடுதிகளில் நின்று போகும். திரும்பும்போது விமானத்துக்குப் பல மணி நேரம் முன்பே ஏற்றிக்கொள்வார்கள் என்பதால் கடைசி நாள் காலைக்குப் பூங்கா டிக்கெட் வாங்கும் முன் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.