புதன்கிழமை அறை

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் மருத்துவத்தையும் முதியோர் பராமரிப்பையும் ஒன்றாக இணைத்துவிட்டார்களாமே? அதனால் நோயாளிக்கு என்ன நன்மை?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. 2014இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டம் அது. அதன்படி ஆர்க்னியில் மருத்துவ வாரியமும் உள்ளாட்சி மன்றமும் இந்தச் சேவைகளுக்கான பணத்தையும் திட்டத்தையும் ஒரே கூட்டுக்குழுவிடம் தர வேண்டும். 2016 ஏப்ரலுக்குள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊழியர்களுக்குச் சம்பளம் இன்னமும் இரண்டு இடத்திலிருந்துதான். முழுசாகக் கலந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நன்மையைச் சொல்ல என் அனுபவம்தான் துணை. வேறொரு நாட்டின் சின்னத் தீவில் நான் செவிலியராக இருந்தேன். தனியாக வாழ்ந்த ஒரு பாட்டியிடம் கிழமைக்கு ஓர் அறை உள்ள மருந்துப் பெட்டி இருந்தது. அதில் புதன்கிழமை அறை திறக்கப்படாமலே இருந்தது. குளிப்பாட்ட வரும் பெண் அதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் மருந்து அவள் துறை இல்லை, யாரிடம் சொல்வதென்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை. அதற்குள் பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அன்று பார்த்துக் காற்று பலமாக அடித்து, படகும் ஓடவில்லை. இன்றும் அந்த மூடிய அறை என் கண்ணிலேயே நிற்கிறது.

தீவில் தாமதத்துக்கு விலை அதிகம். அதனால், இணைப்பு என்றால் எனக்கு முதலில் அந்தப் பெண்ணும் நானும் ஒரே குறிப்பேட்டில் எழுதுவதுதான். கூட்டுக்குழு, வரவு செலவு எல்லாம் அதற்கு அப்புறம்.