ஒலிம்பிக் பளுதூக்கும் வீராங்கனைகளில் உங்களுக்கு அதிகம் பிடித்தவர் யார்? ஏன்?

ஹிடிலின் டியாஸ், பிலிப்பைன்ஸ்காரர். மீராபாய் சானுவையும் பிடிக்கும்தான், ஆனால் மட்டக்களப்பில் இருந்து பார்க்கிற எனக்கு டியாஸ்தான் பக்கத்து ஊர்ப் பிள்ளை மாதிரித் தெரிகிறார்.

1991ல் மிண்டனாவோ தீவின் சாம்போவாங்காவில் பிறந்தவர், அப்பா முச்சக்கரவண்டி ஓட்டினவர். தொடக்கத்தில் அவர் தூக்கியது பிளாஸ்டிக் குழாயும், பழைய டின்னுக்குள் கொங்கிரீட் ஊற்றிச் செய்த எடையும். இங்கே ஆரையம்பதிப் பக்கம் பொடியன்கள் பால்மா டின்னில் சீமெந்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் செருகி வைத்திருப்பார்களே, அதே சாமான்தான். என்ன, இங்கே அதை ஒரு பெட்டை தொட்டால் "மனே, பொம்பளப் புள்ள பாரம் தூக்கப்படாது, வயித்துக்கு ஆகாது" என்று ஒரு பெரியம்மா எங்கிருந்தாவது வந்துவிடுவார். அதே பிள்ளை கிணற்றடியில் இருந்து தண்ணீர்க் கானை இடுப்பொடியத் தூக்கி வரும்போது அவரைக் காணக் கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக். அடுத்து 2012 லண்டனில் நாட்டுக்கொடியைப் பிடித்து அணிக்கு முன்னால் நடந்தவர், போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க் (பாரத்தை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது) மூன்று முயற்சியும் தவறவிட்டார். ஸ்னாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) எவ்வளவு தூக்கியிருந்தாலும், இரண்டையும் கூட்டித்தான் மொத்தம் என்பதால் அதோடு மொத்தக் கணக்கே இல்லை, தரவரிசையிலும் இடமில்லை. அப்புறம் 58 கிலோப் பிரிவை விட்டு 53க்கு இறங்கி, 2016 ரியோவில் 88, 112 என்று மொத்தம் 200 கிலோ தூக்கி வெள்ளி எடுத்தார். உடம்பைக் குறைத்துக்கொண்டு பலத்தைக் குறையாமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை, அந்த நான்கு வருடத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை என்பது எனக்குக் குறைதான்.

2020ல் பயிற்சிக்காக மலேசியா போனவர் கொரோனா முடக்கத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஜிம் பூட்டு. மூங்கில் கம்பின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டித் தூக்கிய படம் அப்போது எல்லா இடமும் சுற்றியது.

டோக்கியோவில், 2021 ஜூலை 26, 55 கிலோப் பிரிவு. ஸ்னாட்ச்சில் அவரும் சீனாவின் லியாவோ சியூயுனும் ஆளுக்கு 97. லியாவோ கிளீன் அண்ட் ஜெர்க்கில் கடைசியாக 126 தூக்கி மொத்தத்தை 223 ஆக்கிவிட்டார். மொத்தம் சமனானால் முதலில் அதை எட்டியவருக்குத்தான் வெற்றி, அதனால் டியாஸ் 126 தூக்கியும் பிரயோசனம் இல்லை, 127 வேண்டும், மிச்சம் இருப்பது ஒரே ஒரு முயற்சி. தூக்கினார். 224, ஒலிம்பிக் சாதனை. 1924ல் இருந்து போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸுக்கு முதல் தங்கம். (நம் இலங்கைக்கு 1948ல் டங்கன் வைட், 2000ல் சுசந்திகா, இரண்டும் வெள்ளி, இன்னும் தங்கம் கிடையாது.)

பாரிஸில் 55 கிலோப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். 59க்கு ஏறிப் பார்த்தார், ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒரு இடம்தான், அது சொந்த நாட்டு எல்ரீன் ஆண்டோவுக்குப் போனது.

டோக்கியோக் காணொளியைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து டியாஸின் கடைசித் தூக்கலை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள், லியாவோவின் 126லிருந்து தொடங்குங்கள்.